ஐந்து பேருக்கு ஒரு நாடி

ஹெல்ம்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குத் திடீரென்று பரிவு பொங்கிய கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். அதுவரை அதற்குப் பரிவும் கிடையாது, ஒரு பாடும் கிடையாது. விடுதியில் வெளிநாட்டு மாணவன் ஒருவன் செத்து, ஒன்பது நாள் அறைக்குள்ளேயே கிடந்தான். நாற்றம் தாங்காமல் பக்கத்து அறைக்காரன் புகார் எழுதிப் போட்டான். புகாருக்கு ஒரு எண் கொடுத்தார்களே தவிர, ஆள் யாரும் வரவில்லை. பத்திரிகைகள் கிழித்துத் தோரணம் கட்டிய பிறகுதான் துணைவேந்தர் விழித்துக்கொண்டார். வாரம் ஒருமுறை யாராவது போய்க் கதவைத் தட்டிப் பார்த்தால் என்ன என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். படித்தவர்களுக்கு அதெல்லாம் தோன்றாது. தனிமையை அளக்கும் பட்டை ஒன்றைச் செய்யச் சொல்லி, வெளிநாட்டு மாணவர்கள் அத்தனை பேர் கையிலும் மாட்டிவிட்டார்கள்.

பார்த்தால் ரப்பர் வளையல்தான். நாடியைக் கேட்கும், வியர்வையை மோந்து பார்க்கும், அறுபது துடிப்பு எண்ணிவிட்டு நிறம் காட்டும். பச்சை என்றால் உறவோடு இருக்கிறாய். மஞ்சள் என்றால் சந்தேகம். சிவப்பு என்றால் தனியாகக் கிடக்கிறாய்.

முதல் நாள் கூட்டத்தில் நலவாழ்வு அலுவலர் மிஸஸ் ஆல்ட்ரிட்ஜ் இதைப் புன்னகை மாறாமல் விளக்கினாள். சங்கரன்கோவிலிலிருந்து முதுகலை படிக்க வந்திருந்த சௌந்தரவல்லிக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. எழுந்து கேட்டாள்.

"ஒருநாள் அழுதுவிட்டால்?"

"தாராளமாக அழுங்கள். பட்டைக்குத் துக்கம் தெரியாது. அழும்போது நம் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார் என்று உடம்பு நம்பினால் அப்போதும் பச்சைதான் எரியும். தனிமை மட்டும்தான் எங்கள் கவலை."

"சிவப்பு வந்தால் யாராவது எங்களை வந்து பார்ப்பீர்களா?"

"அதைவிட நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஓராண்டில் முப்பது சிவப்பு நாள் சேர்ந்தால், உங்களை நேசிப்பவர்களிடமே உங்களை அனுப்பிவைத்துவிடுவோம். அதற்குப் பரிவுப் பயணம் என்று பெயர்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை வல்லி சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். அந்த ஓநாய் புகைப்பட அடையாள அட்டை மாட்டிக்கொண்டு எதிரே நிற்பதை அன்றுதான் பார்த்தாள்.

பரிவுப் பயணம் போனவர்களுக்கு ஊரில் என்ன வரவேற்பு கிடைக்கும் என்று மிஸஸ் ஆல்ட்ரிட்ஜுக்குத் தெரியாது. வல்லிக்குத் தெரியும். போன வருஷம் ராஜபாளையத்துப் பெண் ஒருத்தியை இப்படி அனுப்பிவைத்தார்கள். வந்து இறங்கிய அன்றே, 'மண்டைக்குச் சரியில்லைன்னு வெள்ளைக்காரனே திருப்பி அனுப்பிட்டானாம்' என்று தெரு பேசியது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் தலையில் தேய்க்க எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார்கள். அந்தப் பெண் இன்றைக்கு வரை வாசலுக்கு வருவதில்லை. தனக்கும் அந்தக் கதி வந்துவிடக் கூடாது என்பதுதான் வல்லிக்கு இருந்த ஒரே பயம். முதல் பருவம் முடிவதற்குள்ளேயே அவளுக்கு இருபத்தாறு சிவப்பு நாள் சேர்ந்திருந்தது. இன்னும் நாலு நாள் சேர்ந்தால் எலுமிச்சம்பழம்தான்.

அவள் ஒன்றும் அறைக்குள் சுருண்டு கிடக்கவில்லை. வகுப்புக்குப் போனாள், நூலகத்தில் வேலை பார்த்தாள், ஐந்து பேர் சேர்ந்து எடுத்திருந்த வாடகை வீட்டில் தாளித்துக் கொட்டினாள். தாளிக்கும்போதெல்லாம் தீ அலாரம் அலறியதால், குளியல் தொப்பி ஒன்றை அதன் தலையில் மாட்டிவிட்டாள். அம்மாவிடம் தினமும் வீடியோவில் சிரித்தாள். இத்தனைக்கும் நடுவில் பட்டை மட்டும் கூசாமல் சிவந்துகொண்டே இருந்தது.

வழி சொன்னவன் மார்த்தாண்டத்து ஜெர்வின். அதே வீட்டுக்காரன். கணினிப் படிப்பு. ஊர்க் கல்லூரியில் படித்தபோது மூன்று குரலில் 'எஸ் சார்' சொல்லி மூன்று பேருக்கு வருகைப் பதிவு வாங்கிக் கொடுத்தவன்.

"இதுக்குப் போயி ஏன் சங்கடப்படுதிய? ஆளு வரலேன்னா என்ன செய்வோம்? ப்ராக்ஸி போடுவோம். அதேதான் இதுவும்" என்றான்.

"அட்டெண்டன்ஸுக்குப் போடலாம். மனசுக்கு எப்படிப் போட?" என்று வல்லி கேட்டாள்.

"பட்டைக்கு எவன் மனசுன்னு தெரியாதுல்லா. எடத்தக் காட்டுற வசதி அதுல கெடையாது. அது அந்தரங்கத்துல தலையிடுறதாம். நெஞ்சத் தோண்டிப் பாக்கலாம், எங்க நிக்கான்னு கேக்கப்பிடாது. அது இவனுவ நியாயம். நமக்கு வேண்டியது எப்பவும் பச்சையா இருக்குற ஒருத்தன்."

அப்படி ஒருத்தன் அந்த வீட்டிலேயே இருந்தான். கயத்தாறு பக்கத்துப் பேச்சிமுத்து. மாடிப்படிக்குக் கீழே, கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும் அறை அவனுடையது. அவனுக்கோ அது அரண்மனை. ஊரில் எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்து வளர்ந்தவன் அவன். பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஆட்டுக் கொட்டகையில் வைத்துப் படித்தவன். இங்கே முதல்முறையாகத் தனக்கென்று ஒரு கதவும் அதற்கு ஒரு தாழ்ப்பாளும் கிடைத்ததில் பையன் சொக்கிப் போயிருந்தான். மழை பெய்தால் சந்தோஷம், பெய்யாவிட்டால் சந்தோஷம். உணவகத்தில் தட்டுக் கழுவிவிட்டு வந்து, கழுவிய தட்டுகளின் அழகை அரைமணி நேரம் வர்ணிப்பான். அவன் பட்டை ஒரு நாள்கூட மஞ்சள் ஆனதில்லை.

விஷயத்தைச் சொன்னதும் கையை நீட்டிவிட்டான். "இதுக்கா இவ்வளவு தயங்குனீங்க? கொண்டாங்க" என்று, அதே போலச் சிவந்துகொண்டிருந்த நாலு பேர் பட்டையையும் வாங்கித் தன்னுடையதோடு மாட்டிக்கொண்டான். இடது கையில் இரண்டு, வலது கையில் இரண்டு, கணுக்காலில் ஒன்று. ஐந்தும் ஒரே மாதிரித் துடித்தால் மாட்டிக்கொள்வோம் என்று, ஒவ்வொரு பட்டைக்கு அடியிலும் வேறு வேறு தடிமனில் பிளாஸ்திரி ஒட்டினான் ஜெர்வின். குளிர்நாட்டில் எல்லாரும் முழுக்கைச் சட்டைதான். யார் கையில் பட்டை இருக்கிறது, இல்லை என்று எவர் பார்க்கப் போகிறார்கள்?

இரண்டாம் பருவம் முழுக்க ஐந்து பேருக்கும் அவன் நாடிதான். பல்கலைக்கழகம் அந்த வீட்டுக்கு ஒரு பாராட்டு மின்னஞ்சல்கூட அனுப்பியது. நால்வரும் அதைப் படித்துச் சிரித்துவிட்டு, ஆளுக்கொரு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

பருவத்தின் கடைசி வாரம். வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த ஆண்டின் அளவெடுப்பு முடியும். அதோடு விடுமுறை. அதற்கப்புறம் பட்டை சிவந்தால் என்ன, கறுத்தால் என்ன. திங்கட்கிழமை காலை வல்லி நூலகத்தில் இருந்தபோது ஊரிலிருந்து ஒரு புது எண் கூப்பிட்டது.

"தாயி, நான் பேச்சியோட சித்தப்பா பேசுதேன். நம்ம பக்கத்துப் பொண்ணுன்னு உன் நம்பரத் தந்துருந்தான். எங்க அண்ணன் விடியக்காலம் தவறிட்டாரும்மா. நெஞ்சு வலிக்குன்னாரு, ஆட்டோ வாரதுக்குள்ள முடிஞ்சிட்டு."

"அய்யோ..." என்றாள் வல்லி.

"பயகிட்ட இப்பச் சொல்லிராதம்மா. பரீட்ச நேரம்லா? எழுதி முடிக்கட்டும், பொறவு பக்குவமா எடுத்துச் சொல்லு. அவன் வந்து சேர ரெண்டு நாளாவும், அது வரைக்கும் வச்சிருக்க முடியாது. சின்னவன் கொள்ளி வச்சிருவான்."

பரீட்சையாவது, மண்ணாவது! வீட்டிலிருந்து யார் கூப்பிட்டாலும் 'பரீட்சை' என்று சொல்லித் தப்பிப்பது ஐவருக்கும் பழக்கம். வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் பரீட்சை நடக்கிற நாடு இது என்று ஊரில் நம்பிக்கொண்டிருந்தார்கள். அதைச் சித்தப்பாவிடம் சொல்ல வல்லி வாயெடுத்தாள். அதற்குள் வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்துவிட்டது. "சரி சித்தப்பா, நான் பார்த்துக்கிடுதேன்" என்றாள்.

அன்று மதியம் பேச்சிமுத்து வேலைக்குப் போன நேரத்தில், பேருந்து நிறுத்தத்தில் நால்வரும் கூடினார்கள். ஜெர்வின், கோபிச்செட்டிபாளையத்துப் பொன்மணி, மேலப்பாளையத்துச் சாகுல், வல்லி.

"பெத்த அப்பனுங்க! சொல்லாம மறைக்கறது பெரிய பாவம். என்ற மனசு கேக்கல" என்றாள் பொன்மணி.

"ஒனக்கு எத்தன சிவப்பு நாளு?" என்று ஜெர்வின் கேட்டான்.

பொன்மணி தலையைக் குனிந்துகொண்டாள். இருபத்தொன்பது என்று எல்லாருக்கும் தெரியும்.

"பட்டைக்குத் துக்கம் தெரியாதுன்னு அந்த அம்மாதான் சொல்லிச்சே" என்று சாகுல் இழுத்தான்.

"துக்கம் தெரியாதுடே. ஆனா துக்கம் வந்தா மனுஷன் மூலையில போயித் தனியா ஒக்காருவான். அது தெரியும். அஞ்சு பட்டையும் ஒண்ணா செவக்கும். நாலு நாளு, நாலு சிவப்பு. எனக்கும் போச்சு, வல்லிக்கும் போச்சு, பொன்மணிக்கு முதல் நாளே போச்சு."

"எங்கள்ல அன்னைக்கே அடக்கிருவோம். இப்ப சொன்னாலும் அவன் போயி முகத்தப் பார்க்க முடியாது. நாம எதையும் தடுக்கலையே" என்று சாகுல் சமாதானம் கண்டுபிடித்தான்.

மூவரும் வல்லியைப் பார்த்தார்கள். தொலைபேசி அவளுக்குத்தான் வந்தது. அவள் மனசு நல்ல மனசுதான். ஆனாலும் அந்த நேரத்தில் அதற்குள் ஓடியது ராஜபாளையத்துப் பெண்ணின் வாசல்தான், கயத்தாற்றுப் பிணம் இல்லை.

"அவங்க சித்தப்பாவே இப்ப சொல்லாதன்னுதான் சொன்னாரு. வெள்ளிக்கிழம மத்தியானம் சொல்லிருவோம்" என்றாள்.

பழியைப் போட ஒரு சித்தப்பா கிடைத்துவிட்டார். நால்வருக்கும் மூச்சு வந்தது.

அதன்பிறகு பேச்சிமுத்துவைத் தாங்கின தாங்கு இருக்கிறதே, மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குக்கூட அது நடக்காது. தனியாக விட்டால் போனை நோண்டுவான், ஊர்ச் செய்தியைப் பார்த்துவிடுவான் என்று முறை வைத்துக் காவல் இருந்தார்கள். சாகுல் செவ்வாய்க்கிழமை ஆட்டுக்கறி எடுத்து ஆக்கினான். பொன்மணி அரிசிம்பருப்பு சாதம் செய்து நெய்யை ஊற்றி ஊற்றிப் பரிமாறினாள். கேரம் பலகையில் யாருக்கும் ஒரு காயும் விட்டுக்கொடுக்காத ஜெர்வின், ஆறு ஆட்டம் வரிசையாகத் தோற்றான். வல்லி பேச்சிமுத்துவின் எதிரே உட்கார்ந்து தட்டுக் கழுவுகிற கதையைக் கேட்டாள். 'அப்புறம்?' என்று இடையிடையே கேட்கவும் செய்தாள். கேட்கும்போதெல்லாம் கண் அவன் சட்டைக் கைக்குள் தெரிந்த பட்டைக்கே போனது. அவளுக்கு மட்டுமில்லை, நாலு பேருக்கும் அதே வேலைதான். அவன் சிரித்தாலும் பட்டையைப் பார்த்தார்கள், இருமினாலும் பட்டையைப் பார்த்தார்கள்.

பச்சை. அதுவும் சாதாரணப் பச்சை இல்லை. ஐந்தும் அதுவரை காட்டாத பச்சையாக, நாற்றங்கால் மாதிரி தகதகவென்று எரிந்தன.

புதன்கிழமை மதியம் மட்டும் ஒரு சோதனை வந்தது. பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவன் குழாயை மூடிவிட்டு, நெடுநேரம் தொட்டியையே பார்த்து நின்றான். பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த வல்லி கத்தியைக் கீழே வைத்தாள்.

"வல்லி, உங்க அப்பா உங்கூட நல்லாப் பேசுவாரா?" என்று கேட்டான்.

"பேசுவாரு."

"எங்க அப்பா எங்கிட்டப் பேசி நாலு வருசம் ஆச்சு. எஞ்சினியரிங் வேண்டாம், மில்லுக்குப் போன்னு சொன்னாரு. நான் கேக்கல. ஏர்போர்ட்டுக்கும் வரல. ஆனா நான் கெளம்பும்போது பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டித் தந்தது அவருதான். யாரும் சொல்லாமலே கட்டினாரு."

சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த இடத்தில் சொல்லியிருந்தால் அவள் மனுஷி. பட்டையைப் பார்த்தாள். இன்னும் பச்சை. "சரி சரி, அத விடு. ஒரு காமெடி வந்திருக்கு, பார்ப்போமா?" என்று போனை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவன் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தான். பிறகு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, அவளுக்காகச் சிரித்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. பதினொன்றரை மணியிலிருந்தே ஐந்து பேரும் சமையலறையில்தான் இருந்தார்கள். பன்னிரண்டு அடித்ததும் ஐந்து போன்களும் ஒன்றாக முனகின. 'இவ்வாண்டின் அளவெடுப்பு நிறைவுற்றது. உங்கள் உறவுணர்வு மிகச் சிறப்பு. இனிய விடுமுறை.' ஜெர்வின் கரண்டியால் மேசையில் கொட்டடித்தான். பொன்மணி கண்ணை மூடி ஏதோ ஒரு சாமிக்கு நன்றி சொன்னாள். வல்லிக்கு ஊர் திரும்பும் பயம் நெஞ்சைவிட்டு இறங்கியது. இறங்கிய இடத்தில் சித்தப்பாவின் குரல் வந்து உட்கார்ந்துகொண்டது.

பக்குவமாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் ஒரு டம்ளர் எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"பேச்சி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். மனசத் தைரியமா வச்சிக்கோ..."

"அப்பா விஷயம்தான?" என்றான் அவன்.

கரண்டிச் சத்தம் நின்றது.

"எனக்குத் திங்கக்கிழமையே தெரியும். மாமா பையன் ஸ்டேட்டஸ்ல கண்ணீர் அஞ்சலி போஸ்டரப் போட்டிருந்தான். அப்பா போட்டோவுக்குக் கீழ, 'வருந்தும் மகன் க. பேச்சிமுத்து, வெளிநாடு'ன்னு எம்பேரும் இருந்துச்சு. நான் வருந்துறத எனக்கு முன்னாடி பிரஸ்காரன் அடிச்சு ஒட்டிட்டான்" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு சரியாக வரவில்லை. "நொறுங்கிப் போயித்தான் வேலையிலேர்ந்து வீட்டுக்கு வந்தேன். நீங்க நாலு பேரும் வாசல்லயே நின்னீங்க. மறுநாள் கறி ஆக்குனீங்க. சாகுல் எலும்ப எல்லாம் எனக்கே வச்சான். உங்களுக்கும் தெரியும்னு அப்பவே புரிஞ்சிட்டு. சொன்னா நான் உடைஞ்சிருவேன்னு சொல்லாம, இப்படித் தாங்குறீங்கன்னு நானும் வாயத் தொறக்கல. ஊருக்குப் போயிருந்தாக்கூட இப்படி யாரும் எங்கூட இருந்திருக்க மாட்டாங்க."

யாராவது ஏதாவது சொல்லியிருக்கலாம். பொய்யாவது சொல்லியிருக்கலாம். மூன்று குரலில் பேசத் தெரிந்த ஜெர்வினுக்கு ஒரு குரலும் வரவில்லை.

பேச்சிமுத்து பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினான். பிளாஸ்திரியை உரித்தான், சட்டை நுனியில் துடைத்தான்.

"இனி நான் எதுக்கு? நீங்களே போட்டுக்கிடுங்க. இந்த வாரம் நாம இருந்த இருப்புக்கு உங்களுக்கும் பச்சைதான் வரும். நான் அதப் பார்க்கணும்."

"இப்ப எதுக்கு மக்கா, லீவுதானே..." என்று ஜெர்வின் பின்வாங்கினான்.

"அட, கையக் கொண்டா."

கல்யாண வீட்டில் கங்கணம் கட்டுகிற மாதிரி ஒவ்வொருவர் கையாகப் பிடித்து அவனே மாட்டினான். ஜெர்வினுக்கு, பொன்மணிக்கு, சாகுலுக்கு. கடைசியில் வல்லிக்கு. அவள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அவன் விளையாட்டு என்று நினைத்து, எட்டிப் பிடித்து மாட்டிவிட்டான். அறுபது துடிப்பு எண்ண வேண்டுமே. எல்லாரும் காத்திருந்தார்கள். குழந்தைக்கு முதல் முடி எடுப்பதைப் பார்க்கிறவன் மாதிரி அவன் முகம் மலர்ந்திருந்தது.

ஜெர்வின் பட்டை சிவந்தது. "பழுதாயிருக்கும், ரொம்ப நாளு ஒன் சூட்டுல கெடந்ததுல்லா" என்று அதைத் தட்டினான்.

சாகுலுக்குச் சிவப்பு.

பொன்மணிக்கும் சிவப்பு. அவள் துப்பட்டாவால் பட்டையை மூடிக்கொண்டு அழுதாள்.

வல்லி தன்னுடையதைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. வெட்கத்தில் அவளுக்குக் காது மடல் எரிந்தது.

பேச்சிமுத்து நாலு கைகளையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குக் கணக்கு ஒத்துவரவில்லை.

"என்ன இது? நாம ஒண்ணாத்தான இருந்தோம்?" என்று கேட்டான்.

அவன் மெதுவாக ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். ஒருவரும் அவனை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவன் மணிக்கட்டில் மிச்சமிருந்த ஒற்றைப் பட்டையைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். ஐந்து நாளாகப் பார்த்த அதே பார்வை. அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அவனுக்கு விளங்கியதை வல்லி அவன் முகத்தில் பார்க்கவில்லை. பட்டையில்தான் பார்த்தாள். பச்சை மங்கியது, மஞ்சள் வந்தது, அப்பன் செத்ததற்குக்கூடச் சிவக்காத பட்டை அவர்கள் கண் முன்னால் சிவந்தது.

அவன் டம்ளர் தண்ணீரைத் தொடாமல் எழுந்து வெளியே போனான். வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"நல்லவேள, பன்னெண்டு தாண்டிட்டு" என்றான் ஜெர்வின்.

"வாய மூடுங்க!" என்று பொன்மணி சீறினாள்.

வல்லி சீறவில்லை. ஜெர்வின் வாய்விட்டுச் சொன்னான், அவ்வளவுதான். பட்டை மஞ்சளானபோதே அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டிருந்தாள்.